பழைய எஸ்.எம்.பி.எஸ். புதிய கிராபிக்ஸ் கார்டைத் தாங்குமா?

பள்ளிகளிலும் களப்பணி அலுவலகங்களிலும் எட்டு, பத்து ஆண்டுகள் உழைத்த கணினிகள் இன்னும் பல உள்ளன. செயற்கைக்கோள் எடுத்த நிலப்படங்களை ஆராயவும், மாணவர்க்கு முப்பரிமாண உருவங்களைக் காட்டவும், அவற்றில் புதிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பொருத்தினாலே போதும் என்று கருதுவதுண்டு. கார்டு பொருந்திவிடும், திரையில் படமும் தோன்றும். ஆயினும் வேலை கடுமையாகும் தருணத்தில் கணினி திடீரென அணைந்துபோகலாம். எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது சில வேளைகளில் மதர்போர்டும், பல்லாண்டுப் பதிவுகள் அடங்கிய ஹார்டு டிஸ்க்கும் உடன் கெடுவதுண்டு. ஆகையால் கார்டை வாங்குமுன் கணக்கிட்டுப் பார்த்தல் அவசியம். அதற்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மேலுறையில் காணும் எண்

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியானது 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 3.3, 5, 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. உறையின்மேல் பெரிதாக அச்சிட்டுள்ள ‘400 வாட்’ என்பது இவை எல்லாம் சேர்ந்த மொத்தம். ஆனால் கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் 12 வோல்ட் வழியிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. பழைய அமைப்பில் 3.3, 5 வோல்ட் வழிகளுக்கே பெரும்பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2003-இல் வெளியான ஏ.டி.எக்ஸ்.12வி 2.0 விதிமுறை 12 வோல்ட்டுக்கு முதலிடம் அளித்தது. ஆகவே நோக்க வேண்டியது மொத்த வாட் அன்று. 12 வோல்ட்டுக்கு நேராக எழுதியுள்ள ஆம்பியரே. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 12 வோல்ட் வழி இரண்டாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால், ஆம்பியர்களைக் கூட்டிவிடாமல், இரண்டிற்கும் சேர்த்துக் குறித்துள்ள உச்ச வாட்டையே கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணம்

‘400 வாட்’ பெட்டிகள் இரண்டு உள்ளன எனக் கொள்வோம். முதலாவதில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர், அதாவது 192 வாட். இரண்டாவதில் 30 ஆம்பியர், அதாவது 360 வாட். 65 வாட் வகைப் பிராசஸர் வேகம் கூடும்போது அதற்கு மேலும் எடுக்குமாதலால் அதற்கு 90 வாட்டும், விசிறி, டிஸ்க் முதலியவற்றுக்கு 30 வாட்டும் ஒதுக்குவோம்.

என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு 170 வாட் தேவை. மொத்தம் 290 வாட். 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 24.2 ஆம்பியர். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட். மொத்தம் 235 வாட், 19.6 ஆம்பியர். ஜி.டி.எக்ஸ். 1650 கார்டுக்கு 75 வாட். மொத்தம் 195 வாட், 16.25 ஆம்பியர்.

முதற்பெட்டி இம்மூன்றில் மிகச் சிறியதையும் தாங்காது. இரண்டாவதில், பாதுகாப்பை முன்னிட்டு 80 சதவீதமான 24 ஆம்பியரையே எல்லையாகக் கொண்டால், 4060 அடங்கும். 3060 எல்லையைத் தாண்டும். இவ்விரு கார்டுகளுக்கும் உற்பத்தியாளர் கூறும் 550 வாட் என்பது, எத்தகைய பெட்டியுடன் சேருமென அறியாத நிலையில் தரப்படும் பொது எண். புதுப் பெட்டி வாங்குவோர் அதனையே பின்பற்றுதல் நலம்.

இணைப்புக் கம்பிகள்

மதர்போர்டின் துளைவரிசை கார்டுக்கு 75 வாட் வரையே தரும். ஆறு முனை இணைப்பு மேலும் 75 வாட்டும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டும் தரும். பெட்டியில் இவை இல்லாதிருப்பதே ஓர் எச்சரிக்கை. டிஸ்க்குக்குரிய சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே தாங்கும். அதிலிருந்து மாற்றுக் கம்பியால் ஆறு முனையை உண்டாக்கினால் இணைப்பு சூடேறி உருகக்கூடும்.

வயதும் உஷ்ணமும்

பெட்டியினுள் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காலப்போக்கில் வலுவிழக்கின்றன. உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கார்டோ சில மில்லிவினாடிகளுக்குத் தன் சராசரியைவிட மிகுதியாக மின்சாரத்தை இழுக்கும். புதுப் பெட்டி பொறுக்கும் இவ்வதிர்ச்சியைப் பழைய பெட்டி பொறுக்காமல் அணைந்துவிடலாம். தூசி அடைந்து வெப்பமான அறையில் எட்டு ஆண்டுகள் உழைத்த பெட்டியை, கணக்குச் சரியாக இருப்பினும், மாற்றிவிடுவதே விவேகம்.

இரு எச்சரிக்கைகள்

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்து பார்த்தல் கூடாது. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட் ஆகும். மின்தொடர்பை நீக்கிய பின்னரும் அவ்வழுத்தம் உள்ளே சிறிது நேரம் தங்கியிருக்கலாம். மாணவர் முன்னிலையில் இதனை ஆசிரியர் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

யு.பி.எஸ். சாதனத்தையும் மறத்தலாகாது. 600 வி.ஏ. எனக் குறித்த பல சாதனங்கள் 360 வாட் மட்டுமே தரும். கணினியும் திரையும் சேர்ந்து அதனைத் தாண்டினால், மின்தடை நேரும் கணத்தில் யு.பி.எஸ். கைவிட்டுவிடும்.

கணக்கு எல்லைக்கு அருகில் நின்றால் வழிகள் இரண்டே: சிறிய கார்டைத் தேர்தல், அல்லது எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை முதலில் மாற்றுதல். எதுவாயினும், கணினியைத் தொடுமுன் பதிவுகளுக்கு வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்தல் வேண்டும்.