இடிக்காமலே கன்றும் கை

உத்திரமேரூர்ப் பக்கம் எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு, எங்கும் இடித்துக்கொள்ளாமலே கை முழுக்கக் கருநீலமாகக் கன்றிப்போனால், ஏதோ கடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைப்பார்கள். வயல்வெளி ஊரில் அது நியாயமான சந்தேகம். கண்ணாடிவிரியன் விஷமும் ரத்தத்தை உறையவிடாது. மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார்கள். அது உறைந்துவிட்டாலும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. ரத்தம் சரியாக உறையாமல் போகும், வாழ்வின் இடையில் வரும் ஹீமோபிலியா இந்தச் சோதனையில் பிடிபடாமல் போகலாம்.

ஹீமோபிலியா பிறவியில் ஆண்பிள்ளைகளுக்கு வருவது என்றே கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் இடையில் வரும் இந்த வகை பரம்பரையில் வருவதல்ல. பெரும்பாலும் முதியவர்களுக்கு, ஆண் பெண் பேதமின்றி வரும். சில சமயம் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் வரும். உடம்பே ஆன்டிபாடி தயாரித்து, ரத்தத்தை உறையவைக்கும் காரணி 8-ஐ முடக்கிவிடுகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே வரும் நோய். பாதிப்பேருக்குக் காரணம் தெரிவதில்லை.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் சோதனைகளில் பி.டி. சரியாக இருந்து ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டால், நோயாளியின் பிளாஸ்மாவோடு ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து 37 டிகிரியில் 2 மணி நேரம் வைப்பார்கள். காரணி குறைவு மட்டும்தான் என்றால் கலந்ததும் சரியாகிவிடும். ஆன்டிபாடி இருந்தால் புதிதாக வந்த காரணியையும் அது மெல்ல முடக்கும். உறையும் நேரம் மறுபடி நீளும். வேலூர் சி.எம்.சி. போன்ற ரத்தவியல் மையத்துக்கு உடனே அனுப்ப வேண்டிய இடம் இது. அதுவரை தசையில் ஊசி போடக் கூடாது. வீக்கத்தைக் கட்டி என்று நினைத்துக் கீறினால் உயிருக்கே ஆபத்து.

சிகிச்சையில் இரண்டு வேலை. காரணி 8 இல்லாமலே ரத்தத்தை உறையவைக்கும் காரணி 7ஏ போன்ற மருந்துகளால் கசிவை நிறுத்துவது முதல் வேலை. அவற்றின் விலை ஏழைக் குடும்பத்துக்கு எட்டாது. ஆன்டிபாடியை ஒழிப்பது அடுத்தது. அதற்குரிய பிரெட்னிசோலோன், சைக்ளோபாஸ்பமைடு இரண்டும் மலிவானவை. ஆனால் எதிர்ப்புச்சக்தி குறைந்து தொற்று பிடித்துக்கொள்ளும். முதியவர்களுக்கு அதுவே எமனாகலாம்.

ஜெர்மனி, ஆஸ்திரியாவில் இந்த நோயாளிகள் 47 பேருக்குக் காரணி 8-இன் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் ஊசி போட்டு, எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கும் மருந்தை 12 வாரம் தள்ளிவைத்துப் பார்த்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு அந்த 12 வாரமும் பெரிய கசிவு இல்லை. 2023-இல் முடிவு வெளியானது. எனக்கு நம்பிக்கை தருவது இந்த வழிதான். ஆனால் இந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை ஏ.பி.டி.டி. சரியாக இருப்பதுபோலவே காட்டும். அதனால் ஊர் திரும்புபவர் இந்த ஊசி போட்டிருப்பதை உள்ளூர் மருத்துவரிடம் சீட்டோடு காட்டிவிட வேண்டும்.