மீண்டும் வரும் நிணநீர்ப் புற்று

விடியற்காலையில் அம்பர்நாத்திலிருந்து புறப்படும் உள்ளூர் வண்டிகளில் உடல் ஊனமுற்றோருக்கென ஒதுக்கப்பட்ட சிறு பெட்டி ஒன்று உண்டு. அதில் ஏறப் புற்றுநோயாளருக்கும் உரிமை உண்டு என்பதை நம்மவருள் பலர் அறியார். கையில் பெரிய உறையும் தோளில் துண்டுமாக அதில் அமர்ந்திருக்கும் முதியவர் பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்குச் செல்பவராக இருத்தல் கூடும். முதன்முறை செல்பவரின் முகத்தில் அச்சம் இருக்கும். குணமாயிற்று என்று வீடு திரும்பி, இரண்டு மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் அதே வழியில் செல்பவரின் முகத்திலோ அச்சத்தோடு ஒரு கேள்வியும் இருக்கும். "இன்னும் மருந்து இருக்கிறதா?" என்பதே அது.

அக்கேள்வியை ஒரு நோயை முன்னிட்டு இங்கு ஆராய்வோம். மேன்டில் செல் லிம்போமா என்பது அதன் பெயர். நம் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குள், சிறு உருண்டைகளைப் போர்வை போலச் சூழ்ந்து ஓர் அணு வளையம் இருக்கிறது. அவ்வளையத்து அணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே இந்நோய். 11-ஆம் குரோமசோமின் ஒரு துண்டும் 14-ஆம் குரோமசோமின் ஒரு துண்டும் இடம் மாறிக்கொள்வதால், சைக்ளின் டி1 என்னும் புரதம் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அணுவைப் 'பெருகு, பெருகு' என்று ஏவுவது அதுவே. கணுக்களோடு நில்லாமல் எலும்பு மஜ்ஜை, மண்ணீரல், குடல் ஆகியவற்றிலும் இந்நோய் புகுந்துவிடும். லிம்போமா நோயாளர் நூற்றுவரில் பத்துப் பேருக்கும் குறைவானோருக்கே இது வருகிறது. பெரும்பாலும் அறுபதைக் கடந்தோரையும், அவருள்ளும் ஆடவரையும் பற்றுகிறது. படைக்கலத் தொழிற்சாலையையும் பிற ஆலைகளையும் நம்பி அம்பர்நாத்தில் குடியேறிய நம் குடும்பங்களின் மூத்த தலைமுறை இன்று அந்த வயதில்தான் இருக்கிறது.

முதற் சிகிச்சை பெரும்பாலோருக்கு நன்றாகவே பயன் தருகிறது. ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தோடு கீமோ மருந்துகளைச் சேர்த்து ஊசி வழியே ஏற்றுவர். உடல் வலிமை உடையவர்க்குத் தம் சொந்த மஜ்ஜை மூல அணுக்களையே எடுத்து வைத்துத் திரும்பச் செலுத்துவதும் உண்டு. ரிட்டுக்சிமாப்பின் நகல் மருந்தை 2007-இல் ஐதராபாத் நிறுவனம் ஒன்று உலகிலேயே முதலாவதாக விற்பனைக்குக் கொணர்ந்தது, நம் நாட்டு ஏழைகளுக்குப் பேருதவியாயிற்று. கட்டிகள் கரைகின்றன, பசி திரும்புகிறது. ஆயினும் இந்நோய் வேரோடு நீங்குவது அரிது. மீண்டும் வருதல் இதன் இயல்பு.

மீண்டும் கட்டி தோன்றினால் முதலில் செய்யத் தக்கது அதிலிருந்து திசு எடுத்து மறுபடியும் சோதித்தலே. 'முன்னமே சோதித்தாயிற்றே' என்று தட்டிக்கழித்தல் தவறு. நோய் முன்னிலும் வேகமான உருவெடுத்திருக்கலாம். பி53 என்னும் மரபணு பழுதுற்றிருந்தால் பழைய கீமோ மருந்துகளால் பெரும்பயன் விளையாது. நம் நாட்டில் மற்றொரு தொல்லையும் உண்டு. கழுத்துக் கட்டி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை காசநோய்க்கும் பொதுவான குறிகள். திசு பாராமலே காசநோய் மருந்து தொடங்கி மாதங்களை இழந்தோர் பலர்.

இனி மருந்துகளைப் பார்ப்போம். 2013-இல் அமெரிக்காவில் இப்ருடினிப் என்னும் மாத்திரை இந்நோய்க்கு அனுமதி பெற்றது. அணுவுக்குள் பி.டி.கே. என்னும் நொதியை அடைத்து, பெருகும் கட்டளையை அது நிறுத்துகிறது. அகலாபுருடினிப் 2017-இலும், ஜானுபுருடினிப் 2019-இலும் அதே வழியில் வந்தன. நோய் மீண்ட 370 பேரை இப்ருடினிப்போடு நெடுநாள் தொடர்ந்து கண்ட ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. முன்பு ஒரே ஒரு சிகிச்சை மட்டும் பெற்றோரிடையே நோய் அடங்கியிருந்த காலத்தின் நடுக்கணக்கு 25 மாதம். பல சிகிச்சைகளுக்குப் பின்னரே இதனைப் பெற்றோருக்கோ 10 மாதம். நடுக்கணக்கு என்பது சராசரி அன்று. பாதிப்பேருக்கு அதனினும் குறைவு, பாதிப்பேருக்கு அதனினும் மிகுதி. எண்ணைக் கேட்டதும் நாள் குறித்துவிட்டதாக எண்ணி ஒடுங்கிவிடும் குடும்பத்தார் இதனை மறத்தலாகாது. ஆனால் நல்ல மருந்தைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்தால் அதன் பயன் சுருங்கக்கூடும் என்பதை அந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

ஆய்வுக்கூடத்துக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு. ஆய்வில் சேர்க்கப்படுவோர் தேர்ந்தெடுக்கப்பட்டோர், மருந்தும் தவறாது கிடைக்கும். நம் வீட்டுப் பெரியவருக்கோ நீரிழிவு உண்டு, இதயத்துக்கு மாத்திரை உண்டு, மாதக் கடைசியில் பணமுடையும் உண்டு. இம்மாத்திரை சிலருக்கு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், இரத்தக் கசிவையும் உண்டாக்கும். ஆதலின் பல் பிடுங்கும் முன்னரும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதன் வலிமையைக் குன்றச் செய்யும். சில பூஞ்சை மருந்துகளும், பம்பளிமாசைப் போன்ற கிரேப்ஃப்ரூட் பழமும் அதனை மிகைப்படுத்தும்.

இவை எல்லாவற்றினும் நம்மவரிடையே பெரிதாக நிற்பது ஊர்ப் பயணம். கோயில் கொடைக்கென்று நெல்லைச் சீமைக்குச் செல்கிறோம். ஒரு மாத மாத்திரையோடு சென்று இரண்டு மாதம் தங்கிவிடுகிறோம். ஊர்க் கடையில் அம்மருந்து இருப்பதில்லை. உடம்பும் நன்றாயிருக்கிறது, சில நாள் விட்டால் என்ன என்று தோன்றுகிறது. இந்நோய்க்கு இனமான மற்றோர் இரத்தப் புற்றில், எட்டு நாளுக்குக் குறையாமல் இப்ருடினிப்பைத் தொடர்ந்து விட்டவர்களுக்கு நோய் விரைவில் மீண்டது என்று 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று கூறியது. பயணச்சீட்டை முன்பதிவு செய்யும்போதே மாத்திரையையும் எண்ணிக்கொள்ளுதல் நன்று.

அம்மாத்திரையும் பயனற்றுப் போனால்? அந்நிலையில் இருந்த 114 பேரைப் பல நாட்டு மருத்துவமனைகளில் கண்டு 2016-இல் எழுதிய அறிக்கை, மருந்து நின்றபின் வாழ்ந்த காலத்தின் நடுக்கணக்கு மூன்று மாதத்துக்கும் குறைவு என்றது. நெஞ்சை உலுக்கும் எண். ஆயினும் அது அன்றைய நிலை. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்டோபுருடினிப், முந்தைய மாத்திரை கைவிட்ட 120 பேரில் சரிபாதியினருக்கு நோயைக் குறைத்தது. கார்-டி என்னும் முறையோ இன்னும் வியப்பானது. நோயாளரின் வெள்ளணுக்களை எடுத்து, புற்றணுவை இனங்கண்டு தாக்கும்படி அவற்றை மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்துகிறார்கள். இந்நோய்க்கென அமெரிக்காவில் 2020-இல் அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சையை ஆய்வுக்கு வெளியே 168 பேர் பெற்றனர். அணு எடுக்கப்பெற்றோருள் ஐந்தில் நால்வர் அளவுக்கு முந்தைய ஆய்வின் விதிகளின்படி சேரத் தகுதியற்றவர்கள்; முதுமையும் பிற நோய்களும் உடையோர். எனினும் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் குறைந்தது. ஓராண்டுக்குள் பதின்மரில் ஒருவர் அளவுக்கு நோயாலன்றிப் பெரும்பாலும் தொற்றுக்களால் மாண்டனர் என்பதையும் மறைத்தற்கில்லை. மும்பை மழைக்காலத்தை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும்.

அயல்நாட்டுச் செய்திதானே என்று இருந்துவிட வேண்டா. பவாயில் உள்ள ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவினரும், டாடா மருத்துவர்களும் சேர்ந்து நெக்ஸ்கார்19 என்னும் உள்நாட்டு முறையை உருவாக்கினர். 2021 ஜூனில் கார்கரில் உள்ள டாடா மையத்தில் முதல் நோயாளருக்கு அது செலுத்தப்பட்டது. 2023 அக்டோபரில் அரசின் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அயல்நாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்றார்கள். அதுவும் நம்மில் பலருக்கு வீடு விற்கும் தொகையே. அம்முறையின் ஆய்வில் நோயாளரில் பத்துக்கு ஏழு பேர் பயன் பெற்றனர். அந்த எண் பலவகை இரத்தப் புற்றுகளைச் சேர்த்த எண், மேன்டில் செல் நோய்க்கு மட்டும் உரியதாகக் கொள்ளலாகாது.

பணம் பற்றிச் சில சொற்கள். எழுபது வயது நிறைந்தோர்க்கு 2024 அக்டோபர் முதல் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் திட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. ஆனால் எந்த மருந்து அதில் அடங்கும் என்பதை மருந்து எழுதிய நாளிலேயே மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கேட்டறிய வேண்டும். பங்கீட்டு அட்டை ஊரிலும் சிகிச்சை இங்குமாக இருப்பவர் முன்கூட்டியே கேட்டல் வேண்டும். தொலைவிலிருந்து வருவோர் தங்குவதற்குத் தாதரில் காட்கே மகராஜ் தருமசாலை இருக்கிறது. சிகிச்சைக்காகச் செல்லும் நெடுந்தூர இரயில் பயணத்துக்கு மருத்துவமனை தரும் சான்றின்பேரில், படுக்கை வசதிப் பெட்டியில் நோயாளருக்குக் கட்டணமில்லை. துணைவருக்கும் சலுகை உண்டு.

சென்னை அடையாற்றிலோ நெல்லையிலோ சிகிச்சையைத் தொடர எண்ணுவோர் வெறும் மருந்துச் சீட்டோடு செல்வதால் புதிய மருத்துவர் முதலிலிருந்து தொடங்க நேரிடுகிறது. எந்தெந்த மருந்து, எத்தனை சுற்று, எந்த மாதம் நின்றது, ஏன் நின்றது என்னும் சுருக்கம் வேண்டும். திசுச் சோதனை அறிக்கையோடு, திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் கண்ணாடிச் சில்லுகளும் வேண்டும். அவை நோயாளருக்காக மருத்துவமனையில் காத்து வைக்கப்பட்டிருக்கும். ஊருக்குப் புறப்படும் வாரத்தில் எழுதிக் கேட்டால் பெறலாம்.