புரொப்பல்லர் இல்லாத புரொப்பல்லர் சின்னம்

பி.எம்.டபிள்யூ காரின் முகப்பில் இருக்கும் நீல, வெள்ளை வட்டம் எதைக் குறிக்கிறது? கார்ப் பிரியர்களைக் கேட்டால் பலரும் சொல்வது ஒன்றுதான்: நீல வானத்தின் நடுவே சுழலும் விமானப் புரொப்பல்லர். அந்த நிறுவனம் விமான இன்ஜின் செய்துதான் தொழிலைத் தொடங்கியது என்பதால் கதை கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால், உண்மையில்லை.

1917இல் மியூனிக் நகரின் ராப் இன்ஜின் நிறுவனம், பவேரிய மோட்டார் தொழிற்சாலை என்று பொருள்படும் புதுப் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதன் முதலெழுத்துகளே பி.எம்.டபிள்யூ. அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று புதிய சின்னம் பதிவானது. ராப் காலத்துச் சின்னத்தில் கருப்பு வளையத்துக்குள் ஒரு குதிரை இருந்தது. குதிரை போயிற்று, வளையம் தங்கியது. உள்ளே வந்தவை பவேரியாவின் நிறங்கள்.

வெள்ளையும் நீலமும் அந்த மண்ணுக்கு நெடுங்காலச் சொத்து. பவேரியாவை ஆண்ட விட்டல்ஸ்பாக் வம்சம் 13ஆம் நூற்றாண்டில் இந்த நிறங்களைத் தன் சின்னமாக்கியது. 1917இல் பவேரியா இன்னும் மன்னராட்சிதான். அரசுச் சின்னங்களை வணிக முத்திரையில் பயன்படுத்த அன்றைய சட்டம் இடம் தரவில்லை. நிறுவனம் கண்டுபிடித்த வழி வெகு எளிது: வரிசையை மாற்றிவிட்டது. இடது மேல் மூலையிலிருந்து வலம் வந்தால் மரபுப்படி வெள்ளை முதலில் வர வேண்டும். இங்கே நீலம் முதலில் வருகிறது. நிறங்கள் இரண்டும் இருக்கின்றன, அரசுச் சின்னம் இல்லை! ஒரு வக்கீலின் மூளை வேலை செய்த இடமென்றே எனக்குத் தோன்றுகிறது. மறு ஆண்டே பவேரிய மன்னராட்சி கவிழ்ந்தது. மாற்றிய வரிசை மட்டும் இன்றுவரை அப்படியே நிற்கிறது.

அப்படியானால் புரொப்பல்லர் எங்கிருந்து வந்தது? ஒரு விளம்பரத்திலிருந்து. அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்திடம் உரிமம் பெற்று விமான இன்ஜின் தயாரித்த பி.எம்.டபிள்யூ, 1929இல் அதற்கு வெளியிட்ட விளம்பரத்தில் சுழலும் புரொப்பல்லருக்குள் தன் சின்னத்தைப் பதித்தது. 1942இல் நிறுவனத்தின் சொந்த இதழே இந்த விளக்கத்தை மீண்டும் எழுதியது. கேட்க நன்றாக இருந்த கதையை மறுக்க நிறுவனமும் நெடுங்காலம் பெரிதாக முயலவில்லை. மறுப்பானேன்? சட்டப் பிரிவைவிட ஆகாயம் விற்பனைக்கு உகந்தது.

இந்தச் சின்னத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தது கார் அல்ல, 1923இல் வெளியான ஆர் 32 மோட்டார் சைக்கிள். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு விமான இன்ஜின் தயாரிக்கத் தடை விழுந்ததால் நிறுவனம் வேறு பிழைப்பைத் தேட வேண்டியிருந்தது. கார் தயாரிப்பு, 1928இல் ஐசனாக் நகரத் தொழிற்சாலையை வாங்கிய பிறகுதான்.

அந்த ஐசனாக்கில் நிறத்துக்கே ஒரு சண்டை நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர் சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. அங்கிருந்தவர்கள் பி.எம்.டபிள்யூ பெயரிலேயே வண்டிகளைத் தயாரித்து விற்றார்கள். மியூனிக் வழக்குக்குப் போனது. 1950களின் தொடக்கத்தில் கிழக்குத் தொழிற்சாலை பெயரை இ.எம்.டபிள்யூ என்று மாற்றிக்கொண்டது. சின்னத்தில் வட்டமும் நான்கு கால்பகுதிகளும் அப்படியே இருக்க, நீலம் மட்டும் சிவப்பாகியது. பழைய கார்களைச் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அந்தச் சிவப்பு வட்டத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

மற்ற மாற்றங்களெல்லாம் சில்லறை. பொன்னிற எழுத்துகள் வெள்ளையாயின, எழுத்துரு மாறியது, 1997இல் முப்பரிமாணப் பளபளப்பு வந்தது. 2020இல் விளம்பரங்களுக்கும் இணையத்துக்கும் வெளியிட்ட வடிவத்தில்தான் ராப் காலத்துக் கருப்பு வளையத்தையே எடுத்துவிட்டுப் பின்னணி தெரியும்படி விட்டார்கள். பலருக்கு அது பிடிக்கவில்லை. கருப்பு இல்லாமல் நீலம் எடுபடவில்லை என்பது என் கட்சி. நல்லவேளையாக, அந்த வடிவத்தை அப்போது விற்பனைக்கு வந்த வண்டிகளில் ஒட்டவில்லை.