குனிய வைத்த காய்ச்சல்

2006ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டு, யாழ்ப்பாணத்தில் எதற்கும் வரிசையில் நின்ற காலம். ஒரு காலை அம்மாவால் வாளிக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. "எழும்பேலாதடி பிள்ளை" என்று படுத்தார். காய்ச்சல் நாலு நாளில் விட்டது. மூட்டு நோ விடவில்லை. தையல் மெசினில் மீண்டும் இருக்கப் பல மாதம் சென்றது. அவரது தையலில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

அது சிக்குன்குன்யா. 1952இல் தன்சானியாவில் பரவியபோது அறியப்பட்டது. 'வளைந்து போவது' என்று அங்குள்ள மகொண்டே மொழியில் பொருளாம். அம்மாவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2004இல் கென்யாக் கரையில் தொடங்கி, ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவரைப் படுக்க வைத்து, இந்தியாவுக்கும் எங்கள் வடக்கு கிழக்குக்கும் வந்தது. 2007இல் இத்தாலியிலும் பரவியது. கிருமியில் ஏற்பட்ட சிறு மாற்றத்தால் புலி நுளம்பும் அதை இலகுவாகக் காவியது. "பனடோல் வராத பாதையால் இது எப்படியடி வந்தது?" என்று அம்மா இன்றும் கேட்பார்.

2024இன் இறுதியிலிருந்து இலங்கையில் அது மறுபடியும் தலைகாட்டியது. சகோதரிகளே, காய்ச்சலோடு மூட்டு நொந்தால் டெங்கு இல்லையென்று தெரியும்வரை அஸ்பிரின் போடவேண்டாம். இந்த நுளம்பு கடிப்பது பகலில். பரலில் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. முட்டை உட்சுவரில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் தும்புக்கட்டையால் பரலைத் தேய்க்கிறார். மடங்காத அந்த ஒரு விரலை நீட்டிக்கொண்டுதான்.