காலைக் காட்டுங்கள் என்று கேட்க ஒரு மருத்துவர்

எங்கள் காலனிப் பெரியம்மா ஒருவருக்கு இன்று இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இளவயதில் கூரைவீடு தீப்பிடித்தபோது கணுக்காலுக்கு மேல் பட்ட தீக்காயம் ஆறித் தழும்பாகிவிட்டது. அறுபதை நெருங்கிய வயதில், கருவேலமுள் கிழித்து அதே தழும்பில் ஒரு புண் வந்தது. மஞ்சள் அரைத்துப் போட்டார், வேப்பெண்ணெய் தடவினார். மருந்துக்கடையில் களிம்பு வாங்கினார். இரண்டு ஆண்டுகளாகியும் புண் ஆறவில்லை. அதனோடுதான் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார்.

கடைத்தெரு கிளினிக் ஒன்றுக்குப் பத்துமுறையாவது போயிருப்பார். "ஊசி போட்டாங்க, காசு வாங்குனாங்க. புண்ணக் காட்டும்மான்னு ஒருத்தரும் கேக்கல கண்ணு" என்கிறார். கடைசியில் நாங்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். புண்ணிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்துவிட்டுத் தோல் புற்றுநோய் என்றார்கள். அதற்குள் தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. உயிரைக் காக்கக் காலை எடுக்க வேண்டியதாயிற்று.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அதில் பாதி உண்மை உண்டு. நம் கருப்புத் தோலில் உள்ள மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் காண்பதுபோல இங்கே இந்நோய் பரவலாக இல்லை. ஆனால் நமக்கு வரும்போது அது வெயில் படாத இடங்களிலும் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகக்கண், பழைய தீத்தழும்பு, ஆண்டுக்கணக்கில் ஆறாத புண் ஆகியவையே நாம் பார்க்க வேண்டிய இடங்கள். உலகமே கொண்டாடிய ஜமைக்காவின் கருப்பினப் பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்தார். அவரைக் கொன்ற மெலனோமா என்ற தோல் புற்று அவருடைய கால்விரல் நகத்தடியில்தான் தொடங்கியது.

தழும்பிலும் நாட்பட்ட புண்ணிலும் எழும் புற்றுக்கு மருத்துவ நூல்கள் 'மார்ஜோலின் புண்' என்று பெயர் வைத்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவரின் பெயர் அது. தீக்காயம் பட்டு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் இது வரலாம். எல்லாத் தழும்பும் புற்றாவதில்லை, மிகச் சிலவே அப்படி மாறுகின்றன. ஆனால் அந்தச் சிலரில் யார் இருப்பார்கள் என்பதை நம் வாழ்நிலையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கூரைவீட்டில் தீப்பிடித்தது யாருக்கு? ஊர்த்தெருவில் செருப்பு போட்டு நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் யார்? செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் சாக்கடையிலும் யார் கால் வைக்கிறார்கள்? புண் ஆறும்வரை கூலியை விட்டுவிட்டு உட்கார முடியாதவர்கள் யார்?

இடுப்பையும் பார்க்க வேண்டும். வேட்டியைக் காலமெல்லாம் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் வரும் புற்றை 1945இலேயே மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் கானோல்கர் எழுதி வைத்தார். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் பெண்களுக்கும் இதே புற்று வந்திருப்பதைப் பின்னால் வந்த மருத்துவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். குனிந்து நாற்று நடும் நம் தாய்மாருக்கு அந்த நாடா பதிந்த இடத்தில் தோல் கருத்துத் தடித்திருப்பதை நாம் பார்த்தே வளர்ந்தோம். நாடாவைத் தளர்த்திக் கட்டுவதும், பட்டையாகத் தைத்துக்கொள்வதும், கட்டும் இடத்தை மாற்றுவதும் காசில்லாத வைத்தியம்.

பெரியம்மா வீடு திரும்பிய பிறகு, பக்கத்துச் சிற்றூரில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப மருத்துவர் ஒருவரைப் பார்த்துப் பேசினோம். அவருடைய அறையில் நோயாளி உட்காரும் நாற்காலிக்கு முன்னால் தாழ்வான முக்காலி ஒன்று கிடக்கிறது. காய்ச்சல் என்று போனாலும், சர்க்கரை என்று போனாலும், "ரெண்டு காலையும் தூக்கி வைங்கம்மா" என்கிறார். டார்ச் அடித்து விரலிடுக்கைப் பிரித்துப் பார்க்கிறார். குதிகாலைத் தொட்டு அழுத்துகிறார். எங்களோடு வந்த முதியவர் ஒருவர், "சேறு இருக்குங்க ஐயா" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மருத்துவர் பஞ்சை நனைத்துத் தாமே துடைத்துவிட்டுப் பார்த்தார். மொத்தமே இரண்டு நிமிடம்தான்.

தோல் நோயைத் தொடாமல் கண்டுபிடிக்க முடியாது. தீண்டாமை எங்கே மருத்துவத்துக்குள் நுழைகிறது என்பதை அந்த முக்காலி எங்களுக்குக் காட்டியது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 5ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாக ஒருவரைப் பொது மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைக் குற்றமென்கிறது. உள்ளே விட்டு, உட்கார வைத்து, தொடாமலே சீட்டு எழுதி அனுப்புவதை எந்தச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுப்பது?

மருத்துவர் சொன்னவற்றை நாங்கள் காலனிக் கூட்டத்தில் அப்படியே சொன்னோம். ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணைச் சும்மா விடாதீர்கள். புண்ணின் ஓரம் தடித்து மேலெழும்பினாலோ, பூக்கோசுபோல வளர்ந்தாலோ, தொட்டால் இரத்தம் கசிந்தாலோ, நாற்றம் வந்தாலோ உடனே போங்கள். உள்ளங்காலில் புதிதாக வந்த கரும்புள்ளி பெரிதானாலும் நிறம் மாறினாலும் காட்டுங்கள். நம் நகங்களில் கருங்கோடு இருப்பது பெரும்பாலும் இயல்பே. ஒரே ஒரு நகத்தில் கோடு அகன்றுகொண்டே போனாலோ, பக்கத்துத் தோலுக்கும் கறுப்பு பரவினாலோ காட்ட வேண்டும். வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள், தொடக்கத்தில் பலருக்கு வலிப்பதில்லை.

கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அது தவறு. மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் நோய் எதுவென்று தெரியும். ஆரம்பத்தில் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காலைக் காப்பாற்றலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்றுநோய் அறுவைக்கும் அது உதவும்.

அரசிடம் நாம் கேட்பது பெரிய எந்திரமல்ல. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். புற்றுநோய்க்கான தேசியத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையும் சோதிக்கச் சொல்கிறது. அந்த வருகையிலேயே கால்களையும் பழைய தழும்புகளையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத ஒரு வரி சேர்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அதே பார்வை உதவும். துப்புரவுத் தொழிலாளர்களுக்கு உறுதியான காலணியும், ஆண்டுக்கு ஒருமுறை தோல் பரிசோதனையும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

கூட்டம் முடிந்த பிறகு பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே மூன்று பெண்களைக் கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொன்னார். ஒருவருடைய குதிகாலில் நாலு மாதமாக ஆறாத வெடிப்பொன்று இருந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். அந்த ஒருநாள் கூலியைத் தெருவே பகிர்ந்து கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.