மொட்டை மாடியில் ஒன்றேகால் டன்



மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டுக்காரனுக்குக் கத்தரிக்காயோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். லேத்தில் வாங்கிய அடியைவிட தக்காளிச் செடியிடம் நான் வாங்கிய அடி அதிகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2023 ஜூலை எல்லோருக்கும் நினைவிருக்கும். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய மாதம். எங்கள் வீட்டில் ரசத்துக்குப் புளி மட்டும் போதும் என்று அம்மா முடிவெடுத்த மாதமும் அதுதான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. வாடகை வீடு. கீழே நாங்கள், மேலே ஹவுஸ் ஓனர் அம்மா, அதற்கு மேலே வெறும் மொட்டை மாடி. நானும் தெருவில் இரண்டு நண்பர்களும் சேர்ந்து முப்பது காலி சிமெண்ட் சாக்கை வாங்கி, வாயை மடித்து, செம்மண்ணை நிரப்பி, மாடி நடுவில் வரிசையாக அடுக்கினோம். உரத்துக்கு எங்கே போவது? நாமக்கல்லில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! தெரிந்தவர் பண்ணையிலிருந்து கோழி எரு இரண்டு மூட்டை இலவசமாக வந்தது. ஈரம் காயாத எரு. தாராளமாகக் கலந்தோம்.

ஐந்தாம் நாள் நாற்றெல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி ஓரம் கருகி நின்றது. எட்டாம் நாள் ஒன்றும் இல்லை. நாற்றம் மட்டும் மிச்சம்.

"கோழிக் குப்பையைப் பச்சையா போட்டா செடி வேகாம என்ன செய்யும் சாமி?" என்று அம்மாயி கேட்டார். "முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பனே!" என்ன செய்ய, முன்னாடி நான் கேட்டது யூட்யூபைத்தான்.

அம்மாயி சொன்ன 'வேகும்' என்ற சொல் முழுக்கச் சரியானது. மாட்டைப் போலக் கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. தழைச்சத்துக் கழிவு யூரிக் அமிலமாக எச்சத்தோடேயே வெளியே வந்துவிடுகிறது. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றும். மூக்கைத் துளைக்கும் அந்த வாடைதான் வேரைச் சுடுகிறது. போதாததற்கு எருவில் உப்பும் அதிகம். வயலில் போட்டால் ஆழ உழுது, பரந்த மண்ணில் கரைந்துபோகும். இருபது லிட்டர் பையில் அது எங்கே போகும்? தொட்டித் தோட்டத்தின் முதல் பாடமே இதுதான். நிலம் நம் தவறுகளை மன்னித்துவிடும், தொட்டி மன்னிக்காது.

பரிகாரமும் நம் ஊரிலேயே கிடைக்கிறது. தென்னை நார்த்தூளில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. கோழி எருவில் தலைகீழ். இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டு, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம் காட்டி, நிழலில் மூடி வைத்து, பத்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை புரட்டிப் போட்டால் மூன்று, நான்கு மாதத்தில் கருப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு ஒரு எரு கிடைக்கும். பக்குவம் வந்துவிட்டதா என்று பார்க்க லேப் வேண்டாம். ஒரு கொட்டாங்குச்சியில் அதைப் போட்டு பத்து வெந்தயம் விதையுங்கள். நாலைந்து நாளில் எட்டு முளைத்து, இலை கருகாமல் நின்றால் எரு தயார். முளைக்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் மூடி வையுங்கள்.

சரி, கதைக்கு வருவோம். செடி செத்தாலும் மண் சாக்குகள் மாடியிலேயே கிடந்தன. ஆவணியில் நல்ல மழை. மூன்றாம் நாள் ஹவுஸ் ஓனர் அம்மாவின் கூடத்து சீலிங்கில் ஈரம் படர்ந்து, விளிம்பில் சொட்ட ஆரம்பித்தது.

"தம்பி, மேல எரும மாடா கட்டி வெச்சிருக்கீங்க? இந்த மாசத்தோட வீட்டக் காலி பண்ணிக்கோங்க."

அப்பா ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அட்வான்ஸ் பணம், புது வீடு, தங்கையின் ஸ்கூல் எல்லாம் என் முப்பது சாக்கின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் சிவில் நண்பன் டேப்போடு வந்தான். கணக்கை அவன் போட்ட மாதிரியே தருகிறேன், நீங்களும் சரிபாருங்கள். சாக்கு ஒரு அடி விட்டம், ஒரு அடி உயரம். கன அளவு 0.785 கன அடி, அதாவது சுமார் 22 லிட்டர். நனைந்த மண் லிட்டருக்குச் சுமார் 1.8 கிலோ. ஒரு சாக்கு 40 கிலோ. முப்பது சாக்கு 1,200 கிலோ! ஒன்றேகால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. இடைவெளி இல்லாமல் அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் பத்து சாக்கு, 400 கிலோ. ஆனால் ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 இரண்டாம் பாகம் எடுத்துக்கொள்ளச் சொல்லும் பளு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. 151-வது கிலோவில் மாடி இடிந்து விழாது, டிசைனில் பாதுகாப்புக் காரணி இருக்கிறது. ஆனால் இதுபோல இரண்டரை மடங்கு பளுவை, அதுவும் ஸ்லாபின் நடுப்பகுதியில், மாதக்கணக்கில் ஈரத்தோடு வைத்தால் தளம் தொய்யும், மயிரிழை வெடிப்பு விரியும், தண்ணீர் கம்பியைத் தொடும், கம்பி துருப்பிடிக்கும். "சொட்டினதோட நின்னுச்சேன்னு சந்தோஷப்படுடா" என்றான்.

அன்றே மண்ணைக் கீழே இறக்கினோம். ஏற்றியதைவிட இறக்குவதுதான் கஷ்டம். பாதிச் சாக்கு தூக்கும்போதே கிழிந்தது. சிமெண்ட் சாக்கு வெயிலில் சில மாதத்தில் நைந்துவிடும் என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டோம். அப்பா பட்டறையில் சொல்லிக் கடன் வாங்கி வெடிப்பைப் பூசிக் கொடுத்தார். ஓனர் அம்மா ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஒரே வாய்ப்பு.

இரண்டாவது தடவை பன்னிரண்டு பைகள் மட்டும். வெயில் தாங்கும் தடித்த செடி வளர்க்கும் பைகள். எல்லாம் கீழே சுவர் போகும் கோட்டின் மேலேயே, ஓரமாக. ஒவ்வொரு பைக்கும் அடியில் இரண்டு செங்கல் அல்லது லாரி பாடியில் வெட்டிப் போட்ட மரத்துண்டு. அப்போது அடியில் காற்றோடும், தளம் காயும். உள்ளே ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நார்த்தூள், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. நன்றாக நனைந்த பிறகும் பை இருபத்தைந்து கிலோவுக்குள் நின்றது. ஸ்பிரிங் தராசில் தூக்கிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நார்த்தூள் பற்றி ஒரு வார்த்தை. அது தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், ஆனால் அதில் சத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கட்டியாக வாங்கியதை ஊறவைத்து இரண்டு, மூன்று தடவை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அலசிய தண்ணீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி இறங்கும், அதோடு உப்பும் போகும்.

பைக்கு அடியில் ஓட்டை போட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். உண்மை வேறு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டு நின்றதும் அதை நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி ஒழுகும்! நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மேலே நீரின் உயரம் கூடினால்தான் அடியில் வடிகிறது. நயமான மண்ணிலிருந்து பெரிய ஜல்லி இடுக்குக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது, எல்லையிலேயே தேங்கும். ஜல்லி போட்டால் சேற்றுப் பகுதி ஒரு சாண் மேலே வேரிடம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். மேலும் எடை வேறு! ஓட்டைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும். ஆழம் குறைந்த தட்டுத் தொட்டியில் கத்தரி அழுகுவதற்கும், அதே மண்ணில் ஒன்றேகால் அடிப் பையில் செழிப்பதற்கும் காரணம் இதுவே. கீரைக்கு அரை அடி போதும். மற்றதற்கெல்லாம் ஒரு அடிக்குக் குறையாதீர்கள்.

அடுத்த வில்லன் தண்ணீர். ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டுக்காரர்கள் ஆயிரம் அடி தோண்டித் தருவார்கள், ஆனால் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணி. எங்கள் போரில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்பு, மீட்டர் வைத்துப் பார்த்தது. வெயில் காலத்தில் ஒரு பைக்கு நாளுக்கு இரண்டு லிட்டர். செடி நீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். நாளுக்கு 3 கிராம், மாதம் 90 கிராம். ஒரு பையில் மாதாமாதம் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுவிட்டு, செடி ஏன் ஓரம் காய்கிறது என்று கேட்டால்? பை விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான் அடையாளம். காவிரித் தண்ணி வரும் நாளில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடியில் தாராளமாக வழியும்வரை ஊற்றுங்கள். மழையை மட்டும் மறைக்காதீர்கள், அதைவிடச் சிறந்த அலசல் கிடையாது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணியைச் செடிக்கு விடச் சொல்வோர் பேச்சைக் கேட்காதீர்கள்; வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அரிசி கழுவின தண்ணி எவ்வளவோ மேல்.

என்ன போடலாம்? முதலில் சிறுகீரை. இருபத்தைந்து நாளில் கையில் பலன், மனசுக்குத் தெம்பு. வெண்டையும் கொத்தவரையும் நம் வெயிலுக்குப் பயப்படாதவை. விதையை நேரே பையில் ஊன்ற வேண்டும், பிடுங்கி நட்டால் ஆகாது. மிளகாய், கத்தரி நிதானமானவை. தக்காளியில் பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்தின் பி.கே.எம். 1 குட்டையாக வளரும், பைக்கு ஏற்றது. ஆனால் சித்திரை, வைகாசியில் தக்காளிப் பூவை நம்பாதீர்கள். 35 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் மகரந்தம் கெட்டு, பூ உதிரும். கேரட், முட்டைக்கோஸ் ஆசை இருந்தால் ஏற்காடு பஸ் ஏறிப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

தக்காளியின் அடிப்பாகம் கருத்து அமுங்குவது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால். உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவோம், நாமக்கல் இல்லையா! ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் நம் காரத் தண்ணீரில் அது லேசில் கரையாது. நம் மண்ணில் சுண்ணாம்புக்குப் பஞ்சமும் இல்லை. ஒருநாள் காயப் போட்டு மறுநாள் மூழ்கடிக்கும் நம் பழக்கம்தான் முக்கியக் குற்றவாளி. செடிக்குள் சுண்ணாம்பு தண்ணீரோடுதான் பயணம் செய்யும். தினம் ஒரே அளவு ஊற்ற ஆரம்பித்ததும் எனக்கு நின்றுவிட்டது.

பூச்சியில் நம் ஜில்லாக்களுக்கு ஒரு சரித்திரமே உண்டு. 2008 வாக்கில் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. மருந்தடித்து ஓயாதது, 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளால் அடங்கியது. பிறகு 2020-ல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் கிழங்குக் காடுகளுக்கும் வந்தது. அதற்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவியை வரவழைத்து, 2022-ல் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டார்கள். ஏன் சொல்கிறேன் என்றால், மாடியில் நாலு செடியில் மாவுப்பூச்சி கண்டதும் கடை மருந்தை அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். பழைய பல்துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணி, கொஞ்சம் வேப்பெண்ணெய். பன்னிரண்டு பைக்கு அது போதும். மயிலுக்கும் அணிலுக்கும் மருந்து இல்லை, வலைதான்.

அரசாங்கமும் உதவுகிறது. 2013-ல் சென்னை, கோவையில் தொடங்கிய மாடித்தோட்டத் தளைத் திட்டம் பிறகு விரிந்தது. 2021-ல் 900 ரூபாய் மதிப்புள்ள தளையை 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்: ஆறு பை, ஆறு நார்க்கட்டி, ஆறு வகை விதை, உயிர் உரம், கையேடு. இப்போதைய நிலவரத்தைத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். சோவியத் யூனியன் சிதறியபின் கியூபாவில் உரமும் டீசலும் இல்லாமல் போக, ஹவானா மக்கள் காலி மனைகளில் பாத்தி கட்டி நகரத்துக்கே கீரை கொடுத்தார்கள். நம் பன்னிரண்டு பைகள் அவ்வளவு செய்யாது. வாரத்தில் இரண்டு நாள் பொரியல், ஒருநாள் கீரை, எப்போதும் பச்சை மிளகாய். மிச்சத்துக்கு உழவர் சந்தைதான். மாடியில் லட்சம் சம்பாதிக்கலாம் என்பவரிடம் அவர் வீட்டு மாடியைக் காட்டச் சொல்லுங்கள்.

நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டு பைக் கத்தரி ஓனர் அம்மாவுக்கு என்று எழுதாத ஒப்பந்தம். மழை பெய்தால் இன்றைக்கும் அப்பா முதலில் மேல் வீட்டு சீலிங்கைப் பற்றித்தான் விசாரிக்கிறார்.

வெண்டை விதை கொஞ்சம் நன்றாகக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வைவா முடிந்ததும் ஒர்க்‌ஷாப் பக்கம் வந்து கேளுங்கள். தக்காளி விதை இல்லை, அதை அணில் முந்திக்கொண்டது.