நிறைவு தரும் உதவி சுயநலமா?



ஓர் ஏழைக்கு உதவிவிட்டுத் திரும்புகையில் உங்கள் உள்ளத்தில் நிறைவு உண்டாகிறது. மறுகணமே ஓர் ஐயமும் எழுகிறது. இந்த நிறைவுக்காகத்தானா கொடுத்தேன்? அப்படியாயின் இதுவும் சுயநலம்தானே? இவ்வெண்ணத்தால் சோர்ந்து, நீட்டிய கையை மடக்கிக்கொண்டவர்களும் உண்டு.

இக்கேள்வி பழைமையானது. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தத்துவஞானி தோமஸ் ஹொப்ஸ், இலண்டன் வீதியொன்றில் முதிய யாசகர் ஒருவருக்குப் பிச்சையிட்டாராம். கிறிஸ்துவின் கட்டளை இல்லாவிடினும் கொடுத்திருப்பீரோ என்று குருவானவர் ஒருவர் வினவினார். ஆம் என்ற ஹொப்ஸ், அம்முதியவரின் அவலம் தம்மை வருத்தியதாகவும், தாம் இட்ட பிச்சை அவருக்கு மட்டுமன்றித் தமக்கும் ஆறுதல் அளித்ததாகவும் கூறினார் என ஜோன் ஓப்ரி எழுதிவைத்துள்ளார். அவ்வாறெனில் இரக்கமும் சுயநலத்தின் மறுவடிவந்தானோ?

பின்னாளில் ஆயராக உயர்ந்த யோசப் பட்லர், 1726இல் வெளியிட்ட தமது பிரசங்கங்களில் இக்கருத்தை மறுத்தார். பசித்தவன் நாடுவது உணவையே; இன்பம் உண்ணும்போது வருகிறது. உணவில் நாட்டமே இல்லாதவனுக்கு உண்பதில் இன்பம் ஏது? அதுபோலவே, பிறர் நலனில் அக்கறையற்றவனுக்குப் பிறர் துயர் நீங்குவதால் நிறைவு உண்டாகாது. ஆகவே நிறைவு என்பது, அன்பு அங்கே முன்னரே இருந்தது என்பதற்குச் சாட்சியாகும்.

ஆயினும், நமது வேதனையைத் தணிக்கவே உதவுகிறோமா என்ற கேள்வி எஞ்சுகிறது. அமெரிக்க உளவியலாளர் டானியல் பற்சனும் அவருடன் ஆய்வு செய்தோரும் 1981இல் இதனைச் சோதித்தனர். பெண்ணொருவர் மின்னதிர்ச்சியால் வருந்துவதுபோல் நடிக்க, அதனை உண்மையென நம்பிப் பலர் பார்த்திருந்தனர். தமது மனக்கலக்கமே மேலோங்கியோர், எழுந்து செல்ல வழி கிடைத்தபோது பெரும்பாலும் சென்றுவிட்டனர். அப்பெண்மீது இரக்கம் மேலோங்கியோரோ, செல்ல வழியிருந்தும் அவருக்குப் பதிலாக அவ்வேதனையை ஏற்கப் பெரும்பாலும் முன்வந்தனர். இதற்கு வேறு விளக்கம் கூறும் அறிஞரும் உளர். எனினும், தன் வேதனையைத் தணிப்பது மட்டுமே நோக்கமாயின் விலகிச் செல்வதே எளிதன்றோ?

எரிகோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட ஆசாரியனும் லேவியனும் அந்த எளிய வழியையே தெரிந்துகொண்டனர். சமாரியனுக்கும் அவ்வழி திறந்தே இருந்தது. அவனோ நின்றான்.

பிரியமானவர்களே, உதவியபின் வரும் நிறைவைக் கண்டு அஞ்சாதீர்கள். உங்களை நீங்களே சோதித்தறிய விரும்பினால், மகிழ்ந்தேனா என்று கேளாது, விலகிச் செல்ல வழியிருந்தும் நின்றேனா என்று கேளுங்கள்.